போலி எழுத்து



இலக்கண வகுப்பில் 'போலி' என்றொரு பாடம் படித்திருப்பீர்கள். ஒரு சொல்லில் இருக்க வேண்டிய எழுத்து நீங்கி, அதனிடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருந்தால், அதனைப் போலி என்பர் இலக்கண நூலார். மஞ்சு என்பது மைஞ்சு என்று நின்றாலும் மேகம் மேகமே. பந்தல் பந்தர் ஆனாலும் அதன் நிழல் குறைவதில்லை. ஐந்து அஞ்சாகிவிட்டது என்பதற்காகக் கடைக்காரர் எவரும் நமக்கு ஒரு ரூபாய் கூட்டியோ குறைத்தோ கொடுப்பதில்லை.

இன்று நான் சொல்ல வந்தது வேறொரு போலியைப் பற்றி. அது உயிரணுவின் உள்ளே சென்று நிற்பது. வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் சமைப்பது. இலக்கணப் போலி பொருளை மாற்றாது. இந்தப் போலியோ பொருளை மாற்றும். மாற்றிய பொருளை வழிவழியாகப் படியெடுக்கவும் வைத்துவிடும்.

இதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு தொலைபேசி அழைப்பே காரணம். அது 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கொரோனாவின் மூன்றாம் அலை கோவையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் என்னிடம் படித்து, பின்னர்ப் பீளமேட்டுப் பகுதியில் வார்ப்படத் தொழிலில் அமர்ந்த ஓர் இளைஞர் அழைத்தார். அவருக்கும் காய்ச்சல், எழுபதைத் தொட்ட அவருடைய தந்தைக்கும் காய்ச்சல். புதிதாக வந்த ஒரு மாத்திரையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். வேளைக்கு நான்கு குளிகை, நாளுக்கு இரு வேளை, ஐந்து நாள். ஆக நாற்பது குளிகை. இருவருமே உண்ணலாம் என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் அவருக்குத் திருமணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அம்மருந்தை உண்டவர் மூன்று மாதத்துக்குக் குழந்தைப்பேற்றைத் தள்ளிவைக்க வேண்டும் என்று செய்தித்தாளில் கண்டு திகைத்துவிட்டார்.

"ஏனுங்க சார், அஞ்சு நாள் மாத்திரைக்கு மூணு மாசக் காவல் எதுக்குங்க?" என்றார்.

"தெரியலை கண்ணு. படிச்சுப் பார்த்துச் சொல்றேன். அதுக்குள்ள நீ உன் டாக்டரைக் கேளு" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்தவனுக்கு அவ்விடை சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. படித்து அறிந்ததை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் உயிரணுவின் ஏட்டைப் பார்ப்போம். நம் உடலின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வேட்டில் எழுத்துகள் நான்கே: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். இந்நான்கையும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்த்துக் கோத்த மணிகளே நியூக்ளியோட்டைடுகள். மனிதரின் ஏடு ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுள்ளது. 1953-ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவர் அதன் வடிவத்தை வெளியிட்டனர். இழைகள் இரண்டு; ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டிருப்பன. ஓரிழையில் அடினைன் நின்றால் எதிரிழையில் தைமின் நிற்கும். குவானைன் நின்றால் சைட்டோசைன் நிற்கும். இந்த இணைவிதி மாறாது.

உயிரணு இரண்டாகப் பிரியுமுன் ஏட்டைப் படியெடுக்க வேண்டும். அப்போது இரு இழைகளும் பிரிகின்றன. ஒவ்வோர் இழையையும் பார்த்து, இணைவிதிப்படி எதிர் எழுத்துகளைக் கோத்துக்கொண்டே செல்கிறது ஒரு நொதி. அந்த நொதியை ஏடு எழுதும் எழுத்தர் என்று கொள்ளுங்கள். அவர் பின்னால் பிழைதிருத்துவோரும் வருகின்றனர். எழுத்தரும் திருத்துவோரும் சேர்ந்து செய்யும் வேலையில், ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழையே தங்குகிறது. அத்துணைத் திருத்தமான படியெடுப்பு நம் ஊர் அச்சகம் எதிலும் நடந்ததில்லை என்று துணிந்து சொல்வேன். தங்கிவிட்ட பிழையைத்தான் திடீர்மாற்றம் என்கிறோம்.

இவ்வளவு கவனமான எழுத்தர் எங்கே ஏமாறுகிறார்? எழுத்துத் தெளிவாக இருக்கும்வரை அவர் ஏமாறுவதில்லை. ஒரே எழுத்தை இருவிதமாகப் படிக்க இடமிருந்தால் ஏமாறுவார். நம் பழைய ஓலைச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதினார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். 'எரி' என்று எழுதியிருப்பதை நெருப்பு என்றும் படிக்கலாம். 'ஏரி' என்று கொண்டு நீர்நிலை என்றும் படிக்கலாம். ரகரத்துக்கும் காலுக்கும்கூட வேறுபாடு இல்லை. உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு படியில் ஐயம் நேர்ந்தால் மற்றொரு படியை ஒப்பிட்டுத் தெளியலாம். அச்சுக் கோப்பவர் ஏரியை எரி என்று கோத்துவிட்டால், அதைப் பார்த்துப் பின்னர் அச்சிடும் ஆயிரம் படிகளிலும் நீர் நெருப்பாகவே நிற்கும். பிந்தைய அச்சகத்தார் மீது குற்றம் சொல்ல முடியாது. கண்டதைக் கண்டவாறே கோத்தவர்கள் அவர்கள்.

டி.என்.ஏ.யின் எழுத்தருக்கும் இத்தகைய ஈரடி எழுத்தைக் கொடுக்க முடியும் என்று கண்டது 1950-களில். தைமின் மூலக்கூற்றின் ஓரத்தில் மெத்தில் என்னும் சிறு தொகுதி ஒன்று உண்டு. அதை நீக்கி, அவ்விடத்தில் ஏறத்தாழ அதே பருமனுள்ள புரோமின் அணு ஒன்றை வைத்தால் கிடைப்பது 5-புரோமோயுராசில். உருவில் தைமினேதான், எழுத்தர் ஐயமின்றி எடுத்துக் கோத்துவிடுவார். 1956-ஆம் ஆண்டில் லிட்மன், பார்டி என்னும் அறிஞர்கள் பாக்டீரியாவைத் தாக்கும் வைரசு ஒன்றுக்கு இப்பொருளை ஊட்டியபோது, அதன் சந்ததியில் திடீர்மாற்றங்கள் மிகுந்தன. 1959-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஃபிரீஸ் என்பவர் இத்தகைய போலிகளால் விளையும் பிழைகளை வகைப்படுத்தி, எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறுகிறது என்று ஆராய்ந்தார்.

பிழை விளையும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். கையில் தாளும் பென்சிலும் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். தைமின் பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கும். அவ்வடிவம் அடினைனோடு இணையும். ஆனால் மூலக்கூற்றில் ஒரு ஹைட்ரஜன் அணு சற்று இடம் பெயர்ந்தால் வடிவம் மாறும். மாறிய வடிவம் குவானைனோடு இணையும். தைமினில் இம்மாற்றம் மிக அரிது. புரோமின் அணுவோ எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. ஆதலால் புரோமோயுராசில் அடிக்கடி வேடம் மாறுகிறது. முதற்படியெடுப்பில் அது தைமின் வேடத்தில் வந்து அடினைனுக்கு எதிரே அமர்கிறது. இரண்டாம் படியெடுப்பின்போது வேடம் மாறி நிற்பதால், அதற்கெதிரே எழுத்தர் குவானைனைக் கோக்கிறார். மூன்றாம் படியெடுப்பில் அந்தக் குவானைனுக்கு இணையாகச் சைட்டோசைன் வந்து சேர்கிறது. அடினைன்–தைமின் இணை இருந்த இடத்தில் இப்போது குவானைன்–சைட்டோசைன் இணை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் படியில் போலி எழுத்து அவ்விடத்தில் இல்லை. இருப்பவை இரண்டும் மெய்யான எழுத்துகள். இணைவிதிக்கு முற்றும் உட்பட்டவை. பிழைதிருத்துவோர் வந்து பார்த்தாலும் ஓரிழை மற்றோரிழைக்குச் சாட்சி சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுவடியும் இல்லை. போலி போய்விட்டது; அது சொல்லிச்சென்ற பொய் மட்டும் மூலமாகிவிட்டது.

வைரசிலும் பாக்டீரியாவிலும் இவ்வளவு எளிமையாக நடப்பது, பாலூட்டிகளின் உயிரணுக்களில் இன்னும் ஒரு வழியாலும் நடக்கிறது. எழுத்துகளைச் செய்து தரும் தொழிற்சாலை ஒன்று உயிரணுவுக்குள் உண்டு. புரோமோயுராசில் மிகுதியாக உள்ளே சென்றால், அத்தொழிற்சாலையில் சைட்டோசைன் செய்யும் பிரிவு தளர்ந்துபோகிறது. அச்சுக்கூடத்தில் ஓர் எழுத்தின் அறை வெறுமையாகி, பக்கத்து அறை நிரம்பி வழிந்தால் என்ன நேரும்? கை தவறிப் பக்கத்து அறை எழுத்தே ஏறும். சைட்டோசைன் நிற்க வேண்டிய இடத்தில் போலி வந்து அமர்கிறது. ஆகவே போலி எழுத்து தான் அமரும் இடத்தை மட்டும் கெடுப்பதில்லை. எழுத்துப் பெட்டியின் அளவையும் குலைத்துவிடுகிறது.

போலி எழுத்துகள் யாவும் தீயவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவற்றுள் சில, வரியை மாற்றாமல் வரியை நிறுத்திவிடுவன. அவற்றுக்கு அப்பால் அடுத்த எழுத்தைக் கோக்க இயலாது. எச்.ஐ.வி. நோய்க்கு 1987-இல் முதன்முதலாக அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ஏ.இசட்.டி. அவ்வகை. அக்கிக்கும் அம்மைக்கும் மருத்துவர் தரும் அசைக்ளோவிர் அவ்வகை. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் 6-மெர்காப்டோபியூரினும் ஒரு போலிதான். அதைச் சமைத்த ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் 1988-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். போலியைக் கொண்டு பகைவனின் ஏட்டைக் கெடுப்பது மருத்துவத்தின் பழகிய உத்தி. அப்போலி நம் ஏட்டிலும் புகுமா என்பதே ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டிய கேள்வி.

இனி என் மாணவர் கேட்ட மாத்திரைக்கு வருவோம். அதன் பெயர் மோல்னுபிராவிர். அமெரிக்காவின் எமரிப் பல்கலைக்கழகத்தில் முதலில் வேறொரு வைரசை நோக்கி ஆராயப்பட்டது. பிறகு கொரோனாவுக்குத் திருப்பப்பட்டது. உடலுக்குள் சென்றதும் அது என்4-ஹைட்ராக்சிசைட்டிடின் என்னும் போலி எழுத்தாகிறது. ஒரு வடிவில் அது சைட்டோசைனைப் போல நின்று குவானைனோடு இணையும்; மறு வடிவில் யுராசிலைப் போல நின்று அடினைனோடு இணையும். கொரோனா வைரசின் ஏடு ஆர்.என்.ஏ.யால் ஆனது; ஏறத்தாழ 30,000 எழுத்து. அதன் எழுத்தர் இப்போலியைக் கோத்துவிட, அடுத்தடுத்த படிகளில் பிழைகள் குவிகின்றன. அவ்வைரசுக்கென்று பிழைதிருத்தும் நொதி ஒன்று உண்டு. அதன் கண்ணுக்கும் இப்போலி தப்பிவிடுகிறது. முடிவில் ஏடு முழுவதும் பிழையாகி, வைரசு பெருக வழியின்றி அழிகிறது. நல்ல தந்திரந்தான்.

நம் ஏடு டி.என்.ஏ.; இந்தப் போலியோ ஆர்.என்.ஏ. எழுத்து. அப்படியானால் நமக்கென்ன அச்சம்? ஆர்.என்.ஏ. எழுத்தின் சர்க்கரைக்கும் டி.என்.ஏ. எழுத்தின் சர்க்கரைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணு மட்டுமே. அந்த ஆக்சிஜனை நீக்கி, ஆர்.என்.ஏ. எழுத்தை டி.என்.ஏ. எழுத்தாக மாற்றும் நொதி நம் உயிரணு ஒவ்வொன்றிலும் உள்ள சொந்தச் சரக்கு. அது இல்லையேல் டி.என்.ஏ. எழுத நமக்கு எழுத்தே கிடையாது. ஆர்.என்.ஏ. கரையிலிருந்து டி.என்.ஏ. கரைக்கு இட்ட பாலம் அது. வைரசுக்கென்று அனுப்பிய போலி அந்தப் பாலத்தின்மேல் ஏறிவிட்டால்?

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் இந்தக் கேள்விக்கு விடை தேடி, 2021-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட சோதனை மிக அழகானது. அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் அறியத் தக்கது.

ஹாம்ஸ்டர் என்பது எலியைப் போன்ற சிறு பாலூட்டி. சீன ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து 1957-இல் எடுத்த உயிரணுக்கள் இன்றளவும் உலக ஆய்வுக்கூடங்களில் தட்டுகளில் வளர்ந்துவருகின்றன. அவ்வுயிரணுக்களில் எச்.பி.ஆர்.டி. என்றொரு நொதி உண்டு. நம் ஊர் வார்ப்பட ஆலைகளில் உடைந்த இரும்பை மீண்டும் உலையிலிட்டு உருக்குவார்களே, அதுபோல, பயன்படுத்தி உதிர்ந்த எழுத்துகளைப் பொறுக்கி மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவது இந்த நொதியின் வேலை. இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. செயற்படுவது ஒரே படி. ஆகவே அதில் ஒரு கேடான பிழை நேர்ந்தாலும் நொதி செயலிழந்துவிடும்.

இப்போது அத்தட்டில் 6-தயோகுவானைன் என்னும் நஞ்சை ஊற்றுவார்கள். அதுவும் ஒரு போலி எழுத்தே. நல்ல நொதியுள்ள உயிரணு, பழைய எழுத்து என்று எண்ணி அந்த நஞ்சைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மடியும். மரபணுவில் பிழை நேர்ந்த உயிரணுவுக்கு நொதி இல்லை. ஆதலால் அது நஞ்சைத் தொடுவதில்லை. வளர்ந்து சிறு திட்டாகத் தெரியும். திட்டுகளை எண்ணினால் பிழைகளை எண்ணியதாகும். தமிழில் 'பிழைத்தல்' என்ற சொல்லுக்குத் தவறுதல் என்றும் பொருள், உயிர் தப்புதல் என்றும் பொருள். இந்தத் தட்டில் பிழைத்தவையே பிழைக்கின்றன.

அந்த ஹாம்ஸ்டர் உயிரணுக்களை ஆய்வாளர் 32 நாள் மருந்துப் போலியோடு வளர்த்துப் பின்னர் இச்சோதனைக்கு உட்படுத்தினர். மருந்தின் அளவு கூடக் கூடத் திடீர்மாற்றங்களும் கூடின. போலி பாலத்தைக் கடந்துவிட்டது; பாலூட்டியின் டி.என்.ஏ.யை எட்டிவிட்டது என்பது இதனால் தெளிந்தது.

இதற்கு மறுமொழியும் உண்டு. அதையும் கேட்டாலன்றி நடுநிலை ஆகாது. நோயாளி மருந்து உண்பது 32 நாள் அன்று, 5 நாளே. தட்டில் வளரும் உயிரணு வேறு. கல்லீரலும் சிறுநீரகமும் கூடிய முழு உடல் வேறு. மருந்தை உருவாக்கிய மெர்க் நிறுவனம், உயிருள்ள எலியினங்களில் செய்த சோதனைகளைக் காட்டி, திடீர்மாற்ற அபாயம் குறைவு என்று வாதிட்டது. தட்டில் கண்டதை மனிதனில் கண்டதாகச் சொல்லலாகாது என்பது உண்மை. ஆயினும் எச்சரிக்கை கொள்ள அச்சோதனை போதிய காரணம் என்பதும் உண்மை.

நாடுகளின் முடிவுகள் இவ்விரு உண்மைகளுக்கும் இடையே நின்று எடுக்கப்பட்டவை. பிரிட்டன் 2021 நவம்பர் 4 அன்று மருந்தை ஏற்றது. அமெரிக்கா டிசம்பர் 23 அன்று அவசரகாலத்துக்கென அனுமதித்தது, 18 வயது நிரம்பாதவர்க்குத் தரவில்லை, கருவுற்றோர்க்குப் பரிந்துரைக்கவில்லை, ஆண்கள் கடைசி வேளைக்குப் பின் மூன்று மாதம் குழந்தைப்பேற்றைத் தவிர்க்கச் சொன்னது. இந்தியா டிசம்பர் 28 அன்று, உயிர்வளி குறைந்து நோய் முற்றும் அபாயமுள்ள வயதுவந்தோர்க்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு அனுமதித்தது. 13 நிறுவனங்கள் தயாரிக்க முன்வந்தன. மலிவும் எளிமையும் கூடியதால் மருந்து விரைந்து பரவும் நிலை. அப்போதுதான் 2022 ஜனவரி 5 அன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அன்றைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, இம்மருந்து தேசியச் சிகிச்சை நெறிமுறையில் சேர்க்கப்படவில்லை என்று அறிவித்தார். திடீர்மாற்றம், கருவுக்குக் கேடு, குருத்தெலும்புக்கும் தசைக்கும் கேடு ஆகிய அச்சங்களை அவர் காரணமாகக் காட்டினார். என் மாணவர் செய்தித்தாளில் படித்தது அதைத்தான்.

மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது நீங்களே ஊகிக்கலாம். போலி எழுத்து ஏட்டில் ஏற வேண்டுமானால், ஏடு அவ்வேளை படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிரியாத உயிரணுவில் எழுத்தர் உறங்குகிறார். ஆணின் விந்தணுவோ நாள்தோறும் புதிதாகப் பிறப்பது. மூல உயிரணு பலமுறை பிரிந்து முழு விந்தணுவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். வெளிவர மேலும் சில நாள். மருந்துண்ட நாளில் எழுதப்பட்ட படிகள் யாவும் கழிந்துபோக மூன்று மாதம் வேண்டும். பெண்ணின் சூல்முட்டைகளின் நிலை வேறு. அவற்றின் ஏடு அவள் பிறக்குமுன்பே படியெடுத்து முடிக்கப்பட்டுவிட்டது. ஆகவேதான் அமெரிக்கக் குறிப்பு பெண்ணுக்குக் கடைசி வேளைக்குப் பின் நான்கு நாளே விதித்தது. ஆனால் வயிற்றில் கரு இருந்தால் அதன் உயிரணுக்கள் இரவும் பகலும் படியெடுத்துக்கொண்டிருப்பவை. அதனால் கருவுற்றவர்க்கு அத்தனை காவல். பார்கவா அவர்களோ, இருபாலாரும் மூன்று மாதம் காக்க வேண்டும் என்று கூடுதல் எச்சரிக்கையோடே சொன்னார்.

இதையெல்லாம் நான் படித்து முடிக்குமுன்பே என் மாணவர் மருத்துவரிடம் போய் வந்துவிட்டார். "உமக்கு வயது முப்பதுக்குள், தடுப்பூசி இரண்டும் போட்டிருக்கிறீர், உயிர்வளியும் குறையவில்லை. உமக்கு இம்மருந்து வேண்டா" என்று மருத்துவர் சொன்னாராம். தந்தைக்கோ நீரிழிவு, உயிர்வளியும் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அதே மருந்தைக் கொடுத்தார். ஒரே வீடு, ஒரே நோய், ஒரே மாத்திரை. தராசு மட்டும் வேறு. தந்தையின் தட்டில் உயிர் இருந்தது. மகனின் தட்டில் பிறக்கவிருக்கும் பிள்ளை இருந்தது. இருவரும் நலம் பெற்றனர். மருந்தால் நலம் பெற்றாரா, தாமாகவே பெற்றிருப்பாரா என்று ஒருவரை வைத்து முடிவு செய்ய இயலாது. அதற்குப் பல்லாயிரவரை இரு பிரிவாக்கி ஆராய வேண்டும்.

அவ்வாராய்ச்சிகளும் நடந்தன. தடுப்பூசி போடாதவர் 1,433 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்துண்டவருள் 100-க்கு 6.8 பேரும், உண்ணாதவருள் 9.7 பேரும் மருத்துவமனை சேர்ந்தனர் அல்லது இறந்தனர். பின்னர்ப் பிரிட்டனில், பெரும்பாலும் தடுப்பூசி போட்டவரான 25,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2022 டிசம்பரில் வெளியான ஆய்வில், நோய் விரைந்து குணமானது. மருத்துவமனை சேர்வதும் இறப்பும் குறையவில்லை. பயன் சிறுத்தால் தராசின் மறுதட்டு கனத்துத் தோன்றும். ஐரோப்பிய மருந்து முகமையின் குழு 2023 பிப்ரவரியில் அனுமதி மறுக்கப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு ஜூனில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. அதே 2023-இல் வைரசுகளின் ஏடுகளை ஆராய்ந்த வேறு சிலர், இம்மருந்தின் கையெழுத்தைப் போன்ற பிழைத்தொடரோடு உயிர் தப்பிய கொரோனா வைரசுகளைக் கண்டதாக வெளியிட்டனர். எல்லாப் பிழையும் பகைவனைக் கொல்வதில்லை.

கோவை மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: "ஐயா, திடீர்மாற்றத்தை நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்களே?" ஆம். எக்ஸ்-கதிர் பாய்ச்சியும் வேதிப்பொருளில் ஊறவைத்தும் விதையின் ஏட்டில் பிழைகளை எழுப்புகிறார்கள். எம்.சி.யு. 7 என்னும் பருத்தி அவ்வாறு எக்ஸ்-கதிர் வழியே பெற்றதுதான். ஆனால் வயலில் நடப்பது என்ன? ஆயிரக்கணக்கான செடிகளுள் குன்றியதையும் மலடானதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, நல்லது ஒன்றை வைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான பிழைகள் கேடானவை, நன்மையானது அரிது. பருத்திக் காட்டில் பிடுங்கி எறியலாம். தொட்டிலில் எறிய முடியாது. விதைக்குச் செய்யும் துணிச்சலைப் பிள்ளைக்குச் செய்யலாகாது என்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை.

முடிக்குமுன் மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: போலி எழுத்து கெடுப்பது படியெடுக்கும் வேளையில், எனவே வளரும் உயிரணுவே அதற்கு வாயில். இரண்டு: எழுத்துப் பிழை மூலத்தில் ஏறிவிட்டால் அதைத் திருத்துவார் இல்லை, எனவே காவல் முன்னரே வேண்டும். மூன்று: மருந்தின் நன்மையும் தீமையும் உண்பவரின் வயதையும் நிலையையும் பொறுத்தவை, அண்டை வீட்டார் உண்டார் என்று நாம் உண்பதும், அவர் அஞ்சினார் என்று நாம் மறுப்பதும் ஒன்றுபோலவே தவறு.

என் மாணவருக்கு அடுத்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. தொலைபேசியில் செய்தி சொன்னவர், "மூணு மாசக் கணக்கு இப்பப் புரிஞ்சுதுங்க சார்" என்றார். தமக்குத் தேவைப்படாத கணக்கையும் கேட்டுத் தெரிந்துகொண்டாரே, அதில்தான் எனக்கு மகிழ்ச்சி. ஒரு மாத்திரையைக் கையில் வாங்கியவர், இது ஏன் என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும். பள்ளிக்கூடம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்வேன். கேளுங்கள்; அறிந்தவரிடம் கேளுங்கள்; அவர் தெரியாது என்றால், உடனிருந்து படித்து அறியுங்கள்.